கம்பெனி என்னும் அமைப்பு: அடையாற்றுப் போர் முதல் இரண்டாம் உலகப் போர் வரை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

முன்னுரை

எண்ணிக்கையில் மிகுந்த படையே வெல்லும் என்பது பலரது எண்ணம். வீரம் மிகுந்த படையே வெல்லும் என்பர் வேறு சிலர். போர் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது தளபதியின் உருவமும் பீரங்கியின் முழக்கமுமே. ஆனால் போர்க்களத்தில் உண்மையாகச் செயற்படும் அலகு நூறு முதல் இருநூறு பேர் வரை கொண்ட ஒரு சிறு கூட்டமே ஆகும். அதற்குக் 'கம்பெனி' என்று பெயர். அக்கூட்டம் எவ்வாறு பிரிக்கப்படுகிறது, யார் கையில் எந்த ஆயுதம் தரப்படுகிறது, அதில் சேரும் தகுதி யாருக்கு உண்டு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றுள் மூன்றாவது வினா போர்க்கலையோடு நின்றுவிடுவதன்று என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

அடையாற்றங்கரைப் பாடம்

இந்தப் பாடத்தின் முதல் பக்கம் நம் அடையாற்றின் கரையிலேயே எழுதப்பட்டது. 1746ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். அதை மீட்க ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் தம் மூத்த மகன் மகபூஸ்கானின் தலைமையில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கொண்ட படையை அனுப்பினார். பாண்டிச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த பாரடிஸ் என்னும் தளபதியிடம் இருந்தவர்கள், ஐரோப்பியரும் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்களும் சேர்ந்து, ஏறத்தாழ ஆயிரம் பேரே. பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 24ஆம் நாள், எதிர்க்கரையில் நவாபின் பீரங்கிகள் நிற்க, அச்சிறு படை அடையாற்றை இறங்கிக் கடந்தது. வரிசையாக நின்று சுட்டது. பிறகு துப்பாக்கி முனையில் பொருத்திய கத்தியுடன் பாய்ந்தது. நவாபின் பெரும்படை சாந்தோம் பக்கமாகச் சிதறியது.

இதற்குக் காரணம் என்ன? அக்காலத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் மருந்தும் குண்டும் குழல்வாய் வழியாக இடிக்கப்பட வேண்டும். தேர்ந்த வீரனும் நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறையே சுடலாம். அதாவது, ஒருமுறை சுட்டபின் இருபது முதல் முப்பது வினாடிகள் வரை அவன் கையில் இருப்பது வெறும் தடியே. நூறு மீட்டர் தொலைவைப் பாய்ந்துவரும் குதிரை பத்து வினாடிகளில் கடந்துவிடும். எனவே தனித்து நிற்கும் துப்பாக்கி வீரன் குதிரை வீரனுக்கு இரையாவான். ஆனால் ஒரு வரிசை சுடும்போது மறுவரிசை மருந்து இடித்தால் இடைவெளி மறைந்துவிடும். முனையில் கத்தி பொருத்தினால் துப்பாக்கியே ஈட்டியாகிவிடும். ஆகவே ஆயுதத்தின் குறையை ஆட்களின் ஒழுங்கு நிரப்பியது. அவ்வொழுங்கை நூறு பேருக்குக் கற்பித்து, ஒருவரது கட்டளைக்குள் நிறுத்தும் ஏற்பாடே கம்பெனி.

சென்னைச் சிப்பாய்கள்

'கம்பெனி' என்னும் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. ஒன்றாக அமர்ந்து ரொட்டி உண்பவர்கள் என்பது அதன் மூலப் பொருள். வணிகக் கூட்டத்துக்கும் படைக்கூட்டத்துக்கும் அதே சொல் வழங்கியது. நம் முன்னோர் 'கும்பினி' என்று அழைத்தது வணிகம் செய்த கம்பெனியை. அந்தக் கும்பினி தனக்கெனப் படைக் கம்பெனிகளை அமைத்துக்கொண்டது.

அடையாற்றுப் போரின் பாடத்தை ஆங்கிலேயர் விரைவில் கற்றனர். 1748இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்த மேஜர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் கம்பெனிப் படைகளை ஒழுங்குபடுத்தினார். 1758 முதல் சிப்பாய்க் கம்பெனிகள் பட்டாலியன்களாக இணைக்கப்பட்டன. இன்றைய மதராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. மருதநாயகம் என்று நாம் அறியும் யூசுப்கான் அந்தச் சிப்பாய்களின் தலைவராக உயர்ந்தவர். பின்னர் அதே கும்பினியை எதிர்த்து நின்று 1764இல் தூக்கிலிடப்பட்டவர்.

தென்னாட்டுச் சிப்பாய்களைக் கொண்டே கும்பினி தென்னாட்டை வென்றது என்பது கசப்பான உண்மை. அதைவிடக் கசப்பானது அடுத்து நடந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு, நெடுங்கால அமைதியால் தென்னாட்டார் போர்க்குணத்தை இழந்துவிட்டனர் என்று கருதினார். சில குலத்தார் மட்டுமே பிறவியில் போர் வீரர்கள் என்னும் 'போர்க்குடி'க் கொள்கை வலுப்பெற்றது. சென்னைப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1922இல் எஞ்சியவற்றைச் சேர்த்து உருவாக்கிய மூன்றாம் மதராஸ் ரெஜிமென்ட்டின் முறையான பட்டாலியன்களும் 1928க்குள் கலைக்கப்பட்டன. மதராஸ் பயனியர் படை 1933இல் கலைக்கப்பட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை மட்டும் நிலைத்தது.

இரண்டாம் உலகப் போரில் ஒரு ரைபிள் கம்பெனி

1939இல் போர் மூண்டபோது ஏறத்தாழ 2 லட்சம் பேராக இருந்த இந்தியப் படை, 1945இல் 25 லட்சத்தை எட்டியது. இவ்வளவு பேரையும் பயனுள்ள படையாக மாற்றிய அச்சு, பிரிட்டிஷ் முறையிலான ரைபிள் கம்பெனியே ஆகும். அதை அடியிலிருந்து மேலாகக் காண்போம்.

முதற்படி 'செக்‌ஷன்'. இதில் 10 பேர். தலைவர் ஒரு நாயக். அவருடன் ஆறு ரைபிள் வீரர்கள். எஞ்சிய மூவர் பிரென் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கிக் குழு: ஒருவர் சுடுவார், ஒருவர் தோட்டா உறைகளை மாற்றுவார், ஒருவர் இலக்கைக் காட்டி மேற்பார்ப்பார்.

அடுத்த படி 'பிளாட்டூன்'. மூன்று செக்‌ஷன்களும் ஏழு பேர் கொண்ட தலைமையகமும் சேர்ந்து 37 பேர். தலைமையகத்தில் 2 அங்குல மார்ட்டர் ஒன்று உண்டு. ஏறத்தாழ 450 மீட்டர் தொலைவுக்கு வெடிகுண்டையும் புகைக் குண்டையும் எறியவல்லது இது. இந்தியப் படையில் பிளாட்டூன் தலைவர் பெரும்பாலும் ஜமேதார். 1965 முதல் அப்பதவி நாயப் சுபேதார் எனப்படுகிறது.

மூன்று பிளாட்டூன்கள் 111 பேர். கம்பெனித் தலைமையகம் 16 பேர். ஆக 127 பேர். இது பிரிட்டிஷ் அட்டவணையின் கணக்கு. இந்தியக் கம்பெனிகளும் இதே சாயலில் அமைந்தன. நிலத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப எண்ணிக்கை சற்று மாறும். கம்பெனித் தலைவர் மேஜர் அல்லது கேப்டன். இத்தகைய நான்கு கம்பெனிகளும், பெரிய மார்ட்டர் முதலியவற்றை வைத்திருக்கும் தலைமையகக் கம்பெனியும் சேர்ந்ததே பட்டாலியன்.

ரைபிள் என்பது, 'திரீ நாட் திரீ' என்று நம் ஊர்க் காவல் நிலையங்களிலும் பெயர் பெற்ற லீ-என்பீல்டு துப்பாக்கி. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும்; ஒவ்வொரு முறையும் கையால் பூட்டைத் திறந்து மூட வேண்டும்; எடை ஏறத்தாழ 4 கிலோ. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் இவை செய்யப்பட்டன. பிரென் துப்பாக்கியின் பெயர், செக்கோஸ்லோவாக்கியாவின் பர்னோ, இங்கிலாந்தின் என்பீல்டு என்னும் இரண்டு ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்தது. இதற்கு முன் இந்தியப் படையில் விக்கர்ஸ்-பெர்த்தியர் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கி வழங்கியது. கைக்குண்டுகளும், செக்‌ஷன் தலைவருக்குத் தாம்சன் அல்லது ஸ்டென் என்னும் சிறு இயந்திரத் துப்பாக்கியும் உண்டு.

இப்போது ஒரு சிறு கணக்கு. தேர்ந்த ரைபிள் வீரர் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடலாம். ஆறு பேர் சுட்டால் 90 தோட்டாக்கள். பிரென் துப்பாக்கி 30 தோட்டா கொண்ட உறைகளில் நான்கை ஒரு நிமிடத்தில் தீர்க்கும். அதாவது 120 தோட்டாக்கள். ஆகவே செக்‌ஷனின் சுடுவலிமையில் பாதிக்கு மேல் அந்த ஒரே துப்பாக்கியில் அடங்கியுள்ளது! இதனால்தான் ஒவ்வொரு ரைபிள் வீரரும் தம் தோட்டாக்களோடு பிரென் உறைகளையும் பையில் சுமந்தார். பத்துப் பேரும் பத்துத் துப்பாக்கிகள் அல்லர். ஒரு பிரென் துப்பாக்கியும் அதற்குத் துணை நிற்கும் ஒன்பது பேருமே என்று கூறினும் பொருந்தும்.

பிரென் குழு சுடும்போது எதிரி தலையைத் தூக்க இயலாது. அந்த நேரத்தில் ரைபிள் குழு முன்னேறும். ரைபிள் குழு நிலைகொண்டதும் பிரென் குழு நகரும். சுடுபவர் நகர்வதில்லை; நகர்பவர் சுடுவதில்லை. இதே முறை பிளாட்டூனிலும் கம்பெனியிலும் பெரிதாகிறது. இரண்டு பிளாட்டூன்கள் முன்னே, ஒன்று பின்னே சேமத்தில். எல்லாப் படிகளிலும் மூன்று என்னும் எண் ஆட்சி செய்வதன் காரணம் இதுவே. அடையாற்றில் ஒரு வரிசை சுட மறுவரிசை மருந்து இடித்த அதே தத்துவம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

அமெரிக்கக் கம்பெனி

அமெரிக்காவின் ரைபிள் கம்பெனியை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1943-44ஆம் ஆண்டு அட்டவணைப்படி அதில் 193 பேர்: 41 பேர் கொண்ட மூன்று ரைபிள் பிளாட்டூன்கள், 35 பேர் கொண்ட ஆயுதப் பிளாட்டூன் ஒன்று, 35 பேர் கொண்ட தலைமையகம். அங்கு செக்‌ஷனுக்கு நிகரானது 'ஸ்குவாடு'. அதில் 12 பேர்.

அமெரிக்க வீரர் கையில் இருந்தது எம்-1 காரண்ட் என்னும் ரைபிள். எட்டுத் தோட்டா கொள்ளும். ஒன்றைச் சுட்டதும், வெடிமருந்தின் வாயு அழுத்தத்தாலேயே பூட்டுத் திறந்து அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும்; கையால் இழுக்க வேண்டியதில்லை. எனவே அங்கு சுடுவலிமை வீரர் எல்லாரிடமும் பரவியிருந்தது. ஸ்குவாடின் தானியங்கித் துப்பாக்கி, 'பார்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பிரவுனிங் ரைபிள். அதன் உறையில் 20 தோட்டாக்களே. சூடேறினால் குழலை மாற்றவும் களத்தில் இயலாது. பிரென் துப்பாக்கியில் சூடேறிய குழலைச் சில வினாடிகளில் கழற்றி வேறு குழல் பொருத்தலாம். தொடர்ந்து சுடுவதில் பிரென் மேம்பட்டது; ஆனால் பன்னிரண்டு பேரும் சேர்ந்து சுடும்போது அமெரிக்க ஸ்குவாடு சளைத்ததன்று.

மற்றொரு வேறுபாடு ஆயுதப் பிளாட்டூன். இரண்டு இலகு இயந்திரத் துப்பாக்கிகளையும் மூன்று 60 மில்லிமீட்டர் மார்ட்டர்களையும் அமெரிக்கக் கம்பெனித் தலைவர் தம் நேரடிக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். பிரிட்டிஷ் முறையிலோ சிறு மார்ட்டர்கள் பிளாட்டூன்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. பெரியவை பட்டாலியனில் இருந்தன. கையில் பிடித்துப் பேசும் சிறு வானொலிக் கருவிகளும் அமெரிக்கக் கம்பெனிக்குத் தாராளமாகக் கிடைத்தன. இவற்றுக்கெல்லாம் பின்னால் நின்றது அந்நாட்டின் தொழில் வளம். போர் முடிவதற்குள் 40 லட்சம் காரண்ட் ரைபிள்களை அந்நாடு உற்பத்தி செய்தது. கம்பெனியின் அட்டவணை, அதை அனுப்பும் நாட்டின் தொழிற்சாலையையும் காட்டும் கண்ணாடியே ஆகும்.

கட்டங்களை நிரப்புவோர் யார்?

அட்டவணை 'இங்கே ஒரு பிரென் சுடுநர்', 'இங்கே ஒரு நாயக்' என்று மட்டுமே சொல்கிறது. அவருடைய பிறப்பை அது கேட்பதில்லை. கேட்டவர்கள் மனிதர்களே.

இந்தியப் படையின் பல ரெஜிமென்டுகளில் 'வகுப்புக் கம்பெனி' முறை இருந்தது. ஒரு கம்பெனி சீக்கியருக்கு, மற்றொன்று டோக்ராக்களுக்கு, வேறொன்று பஞ்சாபி முஸ்லிம்களுக்கு எனப் பிரித்தனர். சமையற்கூடமும் தனித்தனி. ஒன்றாக ரொட்டி உண்பவர்கள் என்னும் பொருளுடைய கம்பெனி, பட்டாலியனுக்குள் தனித்தனிப் பந்தியாயிற்று.

ஆனால் போரின் தேவை போர்க்குடிக் கொள்கையைவிடப் பெரிதாக இருந்தது. 1941-42இல் மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது. அதன் வீரர்கள் பர்மா முனையில் போரிட்டனர். சென்னை மாகாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் படையில் சேர்ந்தனர். வானொலி இயக்கவும் வண்டி ஓட்டவும் பாலம் கட்டவும் அவர்கள் பெரிதும் பயன்பட்டனர். செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சென்ற சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படையின் ஒரு கம்பெனியில் பணியாற்றினார். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மினியானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி வெடிக்கப் போவதை உணர்ந்து, உடன் இருந்தோரைக் காக்க அதன்மீது தம் உடலையே போட்டு உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. போர்க்குணம் அற்றவர் என்று ஒதுக்கப்பட்ட நாட்டிலிருந்து சென்றவர் அவர்.

இந்த வேற்றுமை நமக்கு மட்டும் உரியதன்று. ஜனநாயகத்துக்காகப் போரிடுவதாகச் சொன்ன அமெரிக்காவில் கறுப்பின வீரர்கள் தனிப் படைகளில் வைக்கப்பட்டனர். பெரும்பாலோர்க்குச் சுமைதூக்கும் பணியே கிடைத்தது. 1944 இறுதியில் ஆர்டென்ஸ் போரில் காலாட்படையில் ஆள் குறைந்தபோதுதான் அவர்களிடம் தொண்டர்கள் கோரப்பட்டனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்று 1945இல் முன்வரிசைக்குச் சென்றனர். அதற்காகப் பலர் தங்கள் பதவிப் பட்டைகளையும் விட்டுக்கொடுத்தனர். வெள்ளையர் கம்பெனிகளில் கறுப்பினப் பிளாட்டூன் ஒன்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. அவர்கள் நன்றாகப் போரிட்டனர் என்றே உடன் நின்ற வெள்ளை அதிகாரிகளில் பெரும்பாலோர் சொன்னார்கள். 1948 ஜூலை 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் படையில் சம வாய்ப்புக்கு ஆணை பிறப்பித்தார்.

கடல் கடந்த தமிழரிடையே மூன்றாவது சான்று உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். பால்வெட்டும் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாதவர்கள் அவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கியது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் அங்கே ரைபிள் பிடிக்கக் கற்றனர். சாதி மதம் பாராது எல்லாரும் ஒரே சமையலை உண்டனர். கம்பெனி என்னும் சொல் தன் பழம்பொருளை அங்கே மீண்டும் பெற்றது எனலாம்.

அமைப்பு மட்டும் போதுமா?

எனினும் உண்மையை ஒருபக்கமாகச் சொல்லலாகாது. இந்திய தேசிய ராணுவம் 1944இல் இம்பால் முனையில் பட்ட துன்பம் மற்றொரு பாடத்தையும் தருகிறது. அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய ரைபிள்களும் இலகு இயந்திரத் துப்பாக்கிகளுமே. பீரங்கி இல்லை, வானொலி போதவில்லை, மழைக்காலத்தில் உணவும் மருந்தும் வந்து சேரவில்லை. எதிரில் இருந்தவர்களுக்கோ வானிலிருந்து உணவு போடப்பட்டது. ஒழுங்கு, ஆயுதம், உணவு வழங்கல் ஆகிய மூன்றும் கூடினாலன்றிக் கம்பெனி நில்லாது. மன உறுதி இம்மூன்றையும் இணைக்கும் கயிறு. ஆனால் இம்மூன்றுக்கும் ஈடாகாது.

முடிவுரை

திருவள்ளுவர் படைக்கெனப் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். படையின் சிறப்பு எதில் உள்ளது என்பது நம் மொழியில் பழைய வினாவே. அடையாற்றுப் போரும் பிரென் துப்பாக்கியின் கணக்கும் தரும் விடை ஒன்றே: சிறப்பு எண்ணிக்கையிலும் இல்லை, பிறப்பிலும் இல்லை, பயிற்சியிலும் அமைப்பிலும் உள்ளது. விடுதலைக்குப் பின் 1949இல் ஜெனரல் கரியப்பாவின் காலத்தில் எல்லா வகுப்பாரையும் ஒரே கம்பெனியில் சேர்க்கும் கார்ட்ஸ் படை அமைக்கப்பட்டது. பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, 1988 முதல் பயிற்சிக் கழகம் என்னும் பெயரோடு, பட்டதாரிகளைப் படை அதிகாரிகளாக உருவாக்கி வருகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலடி வைத்தவன் நானே முதல்வன். 'இவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்னும் சொல்லும் 'இவர்களுக்குப் போர் வராது' என்னும் சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது இதைப் படித்தபோது விளங்கியது. இரண்டையும் பொய்யாக்கியவை பயிற்சியும் வாய்ப்புமே.

போரைப் போற்றுவது இக்கட்டுரையின் கருத்தன்று. இரண்டாம் உலகப் போரில் 87 ஆயிரம் இந்திய வீரர்கள் உயிர் துறந்தனர். நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் அப்போரில் மாண்ட எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். கற்கள் யாவும் ஒரே அளவு. பதவி உயர்ந்தவருக்குப் பெரிய கல் இல்லை. இறந்தபின் அளிக்கும் அந்தச் சமத்துவத்தை, பயிற்சிக்கூடத்திலும் பாடசாலையிலும் பந்தியிலும் உயிரோடு இருப்போர்க்கு அளிப்பதே அறிவுடைய சமுதாயத்தின் கடமை ஆகும்.